இந்தோனேசியாவும் நிலநடுக்கங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுமத்ராவில் நிலநடுக்கம் என்று டிவியின் அடியில் ஒரு வரி ஓடினாலே நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் மட்டக்களப்பிலும் போன்கள் அடிக்க ஆரம்பித்துவிடுகின்றன. 2004 சுனாமியைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பதற்றம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். இன்னொரு பக்கம், ஜகார்த்தாவில் வேலை கிடைத்தவர்கள், பாலிக்கு டிக்கெட் போட்டவர்கள், மேடானில் சொந்தபந்தம் உள்ளவர்கள் என்று பலரும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்கள் இங்கே. செய்தியில் வரும் ரிக்டர் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படுவதையும், அதை மட்டும் பார்த்து நிம்மதி அடைவதையும் விட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும் என்பது என் எண்ணம்.

எத்தனையோ நாடுகள் இருக்க, இந்தோனேசியாவுக்கு மட்டும் ஏன் இப்படி?

மட்டும் என்று சொல்ல முடியாது. ஜப்பான், பிலிப்பைன்ஸ், வனுவாட்டு எல்லாம் இதே நிலைமையில் இருக்கும் தீவு நாடுகள்தான். ஆனால் 17,000-க்கும் அதிகமான தீவுகளோடு இவ்வளவு நீளத்துக்கு, பூமியின் மேலோட்டை ஆக்கும் மாபெரும் பாறைத் தட்டுகளின் எல்லையிலேயே படுத்திருக்கும் நாடு வேறு கிடையாது.

தெற்கிலிருந்து இந்திய-ஆஸ்திரேலியத் தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து வந்து, சுமத்ராவும் ஜாவாவும் அமர்ந்திருக்கும் சுண்டா தட்டுக்கு அடியில் நுழைகிறது. ஆண்டுக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் வேகம். கிழக்குப் பக்கம் பசிபிக் தட்டு வந்து மோதுகிறது. சுலாவெசி, மலுக்கு பகுதிகளில் நிலம் சின்னச் சின்னத் துண்டுகளாகி ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் நகர்கிறது.

தட்டுகள் வழுக்கிக்கொண்டே போனால் யாருக்கும் தெரியாது. அவை உராய்வில் மாட்டிக்கொண்டு நின்றுவிடுகின்றன. ஆண்டுக்கு 5 செ.மீ. வீதம் இருநூறு ஆண்டுகள் நகராமல் நின்றால் 10 மீட்டர் நகர்வு பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பாக்கி சில நிமிடங்களில் தீரும்போது வருவதுதான் பெரு நிலநடுக்கம்.

அப்புறம், எல்லாமே கடலுக்கு அடியில் நடப்பதில்லை. சுமத்ராவின் நிலப்பரப்பிலேயே, வடமுனையிலுள்ள ஆச்சேயிலிருந்து தென்முனையை ஒட்டிய சுண்டா நீரிணை வரை, சுமார் 1,900 கி.மீ. நீளத்துக்கு ஒரு பிளவு ஓடுகிறது. அதன் பள்ளத்தாக்குகளில்தான் நல்ல மண்ணும் தண்ணீரும் இருக்கின்றன. ஊர்களும் அங்கேதான் இருக்கின்றன.

ஆண்டுக்கு எத்தனை நிலநடுக்கங்கள் வருகின்றன?

நாட்டின் வானிலை, புவி இயற்பியல் அமைப்பான பிஎம்கேஜி அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் பதிவு செய்கிறது. பெரும்பாலானவை கருவிக்கு மட்டுமே தெரியும் சிறு அதிர்வுகள். மக்கள் உணர்பவை சில நூறு. கட்டடங்களைச் சேதப்படுத்துபவை ஆண்டுக்குப் பத்து, இருபது கணக்குதான்.

ரிக்டர் அளவு பெரிதாக இருந்தால் பாதிப்பும் பெரிது என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்தத் தப்பான எண்ணம்தான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர்.

2012 ஏப்ரல் 11 அன்று ஆச்சேவுக்கு மேற்கே கடலில் 8.6 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்தது. சென்னையில்கூட அலுவலகங்களைவிட்டு ஆட்கள் வெளியே ஓடி வந்தார்கள், பலருக்கு நினைவிருக்கும். அதில் இறந்தவர்கள் பத்துப் பேர் அளவில்தான். அவர்களிலும் பெரும்பாலோர் மாரடைப்பில் இறந்தவர்கள். 2022 நவம்பர் 21 அன்று மேற்கு ஜாவாவின் சியாஞ்சூரில் வந்ததன் அளவு 5.6. முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அவர்களில் நிறையப் பேர் குழந்தைகள்.

எண்ணில் ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். அப்படியானால் 5.6-ஐவிட 8.6 ஏறத்தாழ 32,000 மடங்கு ஆற்றல் கொண்டது. ஆனால் அது ஆச்சேவின் தலைநகரான பண்டா ஆச்சேயிலிருந்து 400 கி.மீ.க்கும் அப்பால் நிகழ்ந்தது. சியாஞ்சூரில் நிகழ்ந்ததோ ஊருக்கு நேர் கீழே, சுமார் 10 கி.மீ. ஆழத்தில். பிற்பகல் 1.21 மணி, வேலை நாள். ஒருபுறம் மலைச்சரிவு சரிந்து வீடுகளையும் சாலையையும் மூடியது, மறுபுறம் சுவர்கள் ஆட்கள்மேல் விழுந்தன.

ஆகவே ஒரு நிலநடுக்கச் செய்தியைப் பார்த்தால் எண்ணுக்குப் பிறகு இன்னும் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: எவ்வளவு ஆழம், எவ்வளவு தூரத்தில் மக்கள் வசிக்கிறார்கள், அங்கே மண் எப்படி, வீடுகள் எப்படிக் கட்டப்பட்டவை. அந்த வட்டாரத்தின் கதியைத் தீர்மானிப்பவை இவைதான். நம் செய்திகளில் பெரும்பாலும் இவை நான்குமே இருப்பதில்லை.

அப்படியானால் ஆட்களைக் கொல்வது எது?

கடற்கரையில் அலை. உள்நாட்டில் சுவர்.

2006 மே 27, காலை ஆறு மணிக்குச் சற்று முன்பு, யோக்யகர்த்தா பக்கம் 6.3 அளவில் நடுங்கியது. 5,700-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் முழுதாக அழிந்தன. அடி அதிகம் பட்டது பந்துல் மாவட்டத்துக்கு. அதே அளவு நிலநடுக்கம் இன்று ஜப்பானில் வந்தால் சாவு ஆயிரக்கணக்கில் போவதில்லை.

அந்த வீடுகள் எப்படிப்பட்டவை என்று பார்த்தால் காரணம் தெரியும். நம் கொத்தனார்கள் நாலரை இஞ்ச் சுவர் என்று சொல்வார்களே, அதே ஒற்றைச் செங்கல் கனம். மூலைகளில் கம்பி போட்ட பில்லர் கிடையாது. சுவர்களின் தலையைச் சுற்றிக் கட்டும் பெல்ட் கான்கிரீட் கிடையாது. பழைய வீடுகளில் கலவையில் சிமெண்டே குறைவு, கையால் உதிர்த்தால் உதிரும். மேலே கனமான சுட்ட ஓடு. நிலம் பக்கவாட்டில் ஆடும்போது நான்கு சுவர்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிமானம் இல்லாததால் ஒவ்வொரு சுவரும் தனித்தனியாக ஆடி, மூலையில் விரிசல்விட்டு, வெளிப்பக்கமோ உள்பக்கமோ சாய்கிறது. தாங்க எதுவும் இல்லாமல் ஓட்டுக்கூரை அப்படியே இறங்குகிறது. விடியற்காலையில் உள்ளே படுத்திருப்பவர்களுக்கு எழுந்திருக்கக்கூட நேரம் கிடையாது.

இந்த வீட்டைக் காப்பாற்றக் கூடுதலாகத் தேவைப்படுவது கொஞ்சம் கம்பி, கொஞ்சம் சிமெண்ட், விஷயம் தெரிந்த ஒரு கொத்தனார். மூலைக்கு மூலை மெல்லிய கான்கிரீட் பில்லர், அடியிலும் உச்சியிலும் பெல்ட், சுவரிலிருந்து பில்லருக்குள் நீளும் கம்பி. இந்தோனேசியாவில் கட்டட விதிமுறை இல்லாமல் இல்லை. நிலநடுக்கத்துக்கென்றே தனி விதித்தொகுப்பு இருக்கிறது, அதைத் திருத்தியும் வருகிறார்கள். ஆனால் கிராமத்தில் ஒருவர் தன் சேமிப்பைப் போட்டு, அறை அறையாக வருஷக்கணக்கில் கட்டும் வீட்டுக்கு அந்த விதி எட்டுவதில்லை. ஏழைகளின் வீட்டுச் சுவரைப் பற்றி யாரும் பேசாமல், ரிக்டர் எண்ணைப் பற்றியே எல்லோரும் பேசுவது எனக்கு ஆறாத வருத்தம்.

பழைய மர வீடுகள் நிலநடுக்கத்தைத் தாங்கின என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். நியாஸ் தீவின் பாரம்பரிய மர வீடுகள் உயரமான கனத்த தூண்களின்மேல் நிற்பவை. நேர்த்தூண்களோடு குறுக்காகச் சாய்த்து நிறுத்திய தூண்களும் உண்டு. 2005 மார்ச் 28 அன்று 8.6 அளவில் நியாஸ் குலுங்கியபோது புதிய கான்கிரீட் கட்டடங்கள் நிறைய நொறுங்கின. மர வீடுகள் பெரும்பாலும் நின்றன. மேற்கு சுமத்ராவில் மினாங்கபாவ் மக்களின் எருமைக்கொம்புக் கூரை வீடுகளும் இப்படித்தான். தூண்களை மண்ணில் புதைக்காமல் தட்டைக் கற்களின்மேல் நிறுத்துவார்கள். ஆணிக்குப் பதில் மரமுளை அடித்து இணைப்பார்கள். நிலம் ஆடினால் மூட்டுகள் கிறீச்சிட்டு வளைந்து கொடுக்கும், முறியாது.

அதற்காக எல்லோரும் மரவீட்டுக்குத் திரும்புங்கள் என்று சொல்ல முடியாது. அந்தத் தடிமனில் மரம் இன்று கிடைக்காது, கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகாது. பாலிக்குப் பக்கத்துத் தீவான லோம்போக்கிலும் சியாஞ்சூரிலும் அரசு, ரிஷா என்ற ஒரு வகை வீட்டை மறுகட்டுமானத்துக்குப் பயன்படுத்தியது. முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் சட்டங்களை நட்டு போல்ட் போட்டு முடுக்கும் முறை. எடை குறைவு, இணைப்புகள் உறுதி. பழைய வீட்டின் அறிவு அதிலும் இருக்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று என்னதான் நடந்தது?

நம் நேரப்படி காலை 6.29. சுமத்ராவின் வடமேற்கே கடலுக்கடியில் தொடங்கிய முறிவு, வடக்கு நோக்கி நிக்கோபாரைத் தாண்டி அந்தமான் வரை சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்குக் கிழித்துக்கொண்டே போனது. முடிய எட்டு முதல் பத்து நிமிடம் ஆயிற்று. அளவு 9.1. கடல்தரை பல மீட்டர் மேலெழும்பியது, அதன்மேல் நின்ற தண்ணீர் முழுவதும் தூக்கப்பட்டது.

பண்டா ஆச்சேவுக்கு அலை வர ஏறத்தாழ இருபது நிமிடம்தான் ஆயிற்று. அருகிலுள்ள மேற்குக் கரையில் சில இடங்களில் 30 மீட்டர் உயரம் ஏறியது. 2,600 டன் எடையுள்ள மின்னுற்பத்திக் கப்பல் ஒன்றை அலை ஊருக்குள் சில கிலோமீட்டர் தூரம் கொண்டுபோய் வைத்தது. அது இன்றும் அங்கேதான் இருக்கிறது, நினைவிடமாக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டுக் கரைக்கு அலை வந்தது ஒன்பது மணி வாக்கில். அதாவது இரண்டரை மணி நேரம் இருந்தது, சொல்ல ஆள் இல்லை. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர், அவர்களில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல். இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேல். இந்தோனேசியாவில் காணாமல் போனவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 1,70,000.

அந்தமான் நிக்கோபார் தீவுகளும் அதே கடல் எல்லையின் வடக்குத் தொடர்ச்சிதான். நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை அன்று நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிட்டது. போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வாழும் தமிழர்கள் இந்தப் பக்கத்தைத் தங்கள் ஊரின் கதையாகவே படிக்கலாம்.

சுமத்ராவில் பெரிய நிலநடுக்கம் வந்தால் ஒவ்வொரு முறையும் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் சுனாமி வருமா?

வராது. மூன்று மாதத்தில், 2005 மார்ச்சில், அதே கடலில் 8.6 வந்தது. நம் கரையில் ஒன்றும் ஆகவில்லை. முறிவின் பெரும்பகுதி தீவுகளுக்கும் ஆழம் குறைந்த கடலுக்கும் அடியில் இருந்ததால் தூக்கப்பட்ட தண்ணீர் குறைவு. அலையின் பெரும் வீச்சும் தென்மேற்கே திறந்த கடலை நோக்கிப் போனது.

2012-ன் 8.6 வேறு மாதிரி. அங்கே ஒரு தட்டு இன்னொன்றுக்குக் கீழே நுழையவில்லை. தட்டின் நடுவிலேயே நிலம் பக்கவாட்டில் நழுவியது. கடல்தரை மேலே எழும்பாவிட்டால் பெரிய அலை எழாது. அன்று எச்சரிக்கை விடப்பட்டது, கடல்மட்டக் கருவிகளைப் பார்த்த பிறகு விலக்கிக்கொள்ளப்பட்டது. அது வீண் எச்சரிக்கை அல்ல, அப்படித்தான் நடக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் கவலை தர வேண்டியது முக்கியமாக ஆச்சேவிலிருந்து அந்தமான் வரையிலான எல்லையில், ஆழம் குறைவாக, 8-க்கு மேல் வருகிற நிலநடுக்கம். ஜாவாவிலோ சுலாவெசியிலோ வருவதற்காக நாகப்பட்டினத்தில் ஓட வேண்டியதில்லை.

சிமெலுவே தீவில் கிட்டத்தட்ட எல்லோரும் தப்பினார்களாமே?

ஆமாம். நிலநடுக்கங்களைப் பற்றிப் படித்ததில் என் மனதில் அதிகம் நிற்பது இதுதான்.

சிமெலுவே, ஆச்சேவின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் தீவு. 2004 நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில். மக்கள்தொகை சுமார் 78,000. அலை அங்கே பத்து நிமிடத்துக்குள் வந்துவிட்டது. கரையோர ஊர்கள் பல அடியோடு போயின. அலையில் இறந்தவர்கள் ஏழு பேர்.

அவர்களிடம் சைரன் கிடையாது. வேறு ஒன்று இருந்தது. 1907 ஜனவரியில் அந்தத் தீவை ஒரு சுனாமி அழித்திருக்கிறது, ஏராளமானோர் மாண்டார்கள். பிழைத்தவர்கள் அதை ஸ்மோங் என்ற பெயரில் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். நிலம் பலமாக ஆடி, அதற்குப் பின் கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்காமல் மலைக்கு ஓடு. சொன்னது இவ்வளவுதான். ஆனால் அதைத் தாலாட்டில் வைத்தார்கள், பாட்டி கதையில் வைத்தார்கள், விளையாடும் பிள்ளைகளை அதட்டும்போதும் சொன்னார்கள். 97 ஆண்டுகள் கழித்து, 1907-ஐப் பார்த்த யாரும் அநேகமாக உயிரோடு இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், நிலம் ஆடி நின்றதும் யாரோ ஒருவர் ஸ்மோங் என்று கத்த, ஊரே மலை ஏறிவிட்டது. கிழவர்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அதே நேரத்தில் பண்டா ஆச்சேயில் கடல் உள்வாங்கியதும் மீன் பொறுக்கக் கடலுக்குள் இறங்கியவர்கள் உண்டு. அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்ல. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது எச்சரிக்கை அமைப்பு இருக்கிறதல்லவா? பிறகும் ஏன் சாவு?

2008 நவம்பரில் இந்தோனேசியா தன் சுனாமி எச்சரிக்கை அமைப்பைத் தொடங்கியது. நிலநடுக்கம் நடந்து ஐந்து நிமிடத்துக்குள் அறிவிப்பு தர வேண்டும் என்பது இலக்கு. மூன்று நிலைகள் உண்டு: கரையில் அரை மீட்டருக்குக் குறைவான அலை என்றால் வஸ்படா, அரை மீட்டர் முதல் மூன்று மீட்டர் என்றால் சியாகா, அதற்கு மேல் என்றால் அவாஸ். அங்கே இருப்பவர்கள் இந்த மூன்று சொற்களையும் மனப்பாடம் செய்துவைப்பது நல்லது.

அறிவிப்பு பெரும்பாலும் நேரத்துக்கு வந்துவிடுகிறது. அது கடைசி ஆளின் காதுக்குப் போய்ச்சேரும் இடத்தில்தான் அறுந்துவிடுகிறது. 2018 செப்டம்பர் 28 மாலை சுலாவெசியின் பாலு நகரத்தில் 7.5 அளவில் நிலநடுக்கம். ஐந்து நிமிடத்தில் எச்சரிக்கை வெளியானது. ஆனால் மின்சாரமும் செல்போன் கோபுரங்களும் நிலநடுக்கத்திலேயே விழுந்துவிட்டன. சைரன் ஒலிக்கவில்லை. அலையோ சில நிமிடங்களிலேயே வந்துவிட்டது. ஆழ்கடலில் மிதக்கவிட்டிருந்த சுனாமி மிதவைகள் பல ஆண்டுகளாகவே வேலை செய்யாமல் கிடந்தன.

கடலுக்கு அடியில் வரும் நிலநடுக்கத்துக்கும் கரைக்கும் இடையே தூரம் இல்லாத நாட்டில், நிலம் ஆடுவதுதான் முதல் எச்சரிக்கை. அதனால்தான் பிஎம்கேஜி 20-20-20 என்று சொல்லிக்கொடுக்கிறது: இருபது விநாடி ஆடினால், இருபது நிமிடத்துக்குள், இருபது மீட்டர் உயரத்துக்குப் போய்விடு. சிமெலுவே பாட்டிகள் சொன்னதற்கு எண் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவே.

பெரிதாக ஆடாமலேயே சுனாமி வருமா?

வரும். 20-20-20-க்கும் பிடிபடாத ஆபத்து இது. 2006 ஜூலை 17 அன்று ஜாவாவின் தென்கரையில் பாங்கன்டாரான் பக்கம் 7.7 அளவு நிலநடுக்கம். முறிவு மெதுவாக நடந்ததால் கரையில் இருந்தவர்களுக்கு லேசாகத்தான் தெரிந்தது, சிலர் உணரவே இல்லை. அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் அலையில் போனார்கள். 2010 அக்டோபரில், மேற்கு சுமத்ராவுக்கு எதிரே இருக்கும் மெந்தாவாய் தீவுகளில் இதே கதை, நானூறுக்கும் மேல். எனவே லேசான ஆட்டமாக இருந்தாலும் அது நீண்டுகொண்டே போனால் கரையை விட்டு விலகுங்கள்.

நிலநடுக்கமே இல்லாமலும் நடந்திருக்கிறது. 2018 டிசம்பர் 22 இரவு, சுண்டா நீரிணையில் அனாக் கிரகத்தாவ் எரிமலையின் ஒரு பக்கம் கடலுக்குள் சரிந்தது. அதில் எழுந்த அலையில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நிலநடுக்கத்தை நம்பியிருந்த எச்சரிக்கை அமைப்பால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

பாலுவில் நிலமே வீடுகளோடு நகர்ந்துபோனது என்றார்களே?

அந்த வீடியோக்கள் பொய் அல்ல. பாலுவில் பெட்டோபோ, பலரோவா என்ற குடியிருப்புகளிலும், அருகே ஜோனோ ஓகே கிராமத்திலும் தரை குழம்பாகி ஓடியது. இத்தனைக்கும் அவை மலைப்பாங்கான இடங்கள் அல்ல, பார்த்தால் சமவெளி என்றே தோன்றும், ஓரிரு டிகிரி சரிவுதான்.

நடந்தது இதுதான். அடியில் இருந்தது நீர் நிறைந்த தளர்வான மணல். மணல்துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று அழுத்திக்கொண்டு நிற்பதால்தான் தரை வீட்டைத் தாங்குகிறது. பலமாகக் குலுக்கும்போது துகள்களுக்கு இடையிலுள்ள தண்ணீரின் அழுத்தம் ஏறி, துகள்களின் பிடி விட்டுப்போகிறது. அதுவரை தரையாக இருந்தது திரவமாகிவிடுகிறது. வீடுகள், தென்னைகள், சாலையின் துண்டுகள் எல்லாம் நூற்றுக்கணக்கான மீட்டர் நகர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் புதைந்தன. பிறகு ஆராய்ந்தவர்கள் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள். நெல் சாகுபடிக்கு வெட்டிய பாசன வாய்க்கால் நிலத்தடி நீரை உயர்த்தியிருந்தது, பெட்டோபோவிலும் ஜோனோ ஓகேயிலும் சரிவு தொடங்கிய இடங்கள் அந்த வாய்க்காலை ஒட்டியே இருந்தன. சோறு போட்ட தண்ணீரே நிலத்தை இளக்கியும் வைத்திருந்தது என்று படித்தபோது மனம் கனத்துவிட்டது.

அன்று அலையும் குலுக்கலும் மண்ணும் சேர்ந்து 4,300-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோயின. அந்த இடங்களில் இனி வீடு கட்டக்கூடாது என்று அறிவித்துவிட்டார்கள்.

மெகாத்ரஸ்ட் நிலநடுக்கம் வரப்போகிறது என்கிறார்களே? எப்போது?

தட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்று நுழையும் அந்த மாபெரும் முகப்பைத்தான் மெகாத்ரஸ்ட் என்கிறார்கள். 2024 ஆகஸ்டில் ஜப்பானில் ஒரு நிலநடுக்கம் வந்த கையோடு, பிஎம்கேஜி அதிகாரிகள் இரண்டு இடங்களைக் குறிப்பிட்டார்கள்: சுண்டா நீரிணை, மெந்தாவாய்-சிபெருட். முன்னதில் 1757-க்குப் பிறகும், பின்னதில் 1797-க்குப் பிறகும் பெரிய முறிவு நிகழவில்லை. 8.7, 8.9 என்ற எண்கள் செய்தியில் அடிபட்டு நாடே பதறியது. அந்த எண்கள் அங்கே அதிகபட்சம் எவ்வளவு வரலாம் என்ற கணிப்பு. எப்போது என்பதற்கு அதில் பதில் இல்லை.

மெந்தாவாய் விஷயத்தில் சான்று பவளப்பாறைகளிலேயே இருக்கிறது. புவியியலாளர்கள் கெர்ரி சீ, டேனி ஹில்மன் நாதாவிஜாயா ஆகியோரின் குழு அந்தத் தீவுகளின் கரையோரப் பவளங்களை அறுத்துப் பார்த்தது. பவளம் கடல்மட்டத்துக்கு மேல் வளராது. தீவு மெல்லத் தாழும் காலத்தில் அது மேலே மேலே வளரும். நிலநடுக்கத்தில் தீவு சட்டென்று உயர்ந்தால் வெளியே தெரியும் பகுதி செத்துவிடும். ஆண்டு வளையங்களை எண்ணினால் சுமார் 700 ஆண்டு வரலாறு கிடைக்கிறது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுக்கு ஒருமுறை அங்கே பெருமுறிவுகள் கொத்தாக வந்திருக்கின்றன. கடைசிக் கொத்து 1797, 1833. 2007-ல் வந்த 8.4 சேர்ந்திருந்த அழுத்தத்தில் ஒரு பகுதியைத்தான் தீர்த்தது. எதிரே கரையில் இருப்பது பாடாங், தாழ்வான பெரிய நகரம். இந்தோனேசியாவில் ஓர் ஊருக்காகக் கவலைப்படச் சொன்னால் நான் பாடாங்கைத்தான் சொல்வேன்.

இன்ன தேதியில் நிலநடுக்கம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

அழித்துவிடுங்கள், அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். நாள், இடம், அளவு மூன்றையும் முன்கூட்டிச் சொல்லும் வழி இன்று யாரிடமும் இல்லை.

ஜகார்த்தாவில் வேலை. அங்கே எப்படி?

நகரத்துக்கு நேர் கீழே பெரிய ஆபத்து என்று சொல்வதைவிட, தூரத்தில் வருவதைப் பெருக்கிக் காட்டும் மண் என்று சொல்வது சரி. ஜகார்த்தா ஆழமான மென்படிவத்தின்மேல் இருக்கிறது. அலைகள் அதில் பெரிதாகி நீண்ட நேரம் ஆடும். உயரமான கட்டடங்களில் இருப்பவர்களுக்கு ஊஞ்சல் போலத் தோன்றும். டச்சுக்காரர் ஆட்சியில் நகரம் படேவியாவாக இருந்த 1699-லும் 1834-லும் பலத்த சேதம் கண்டது. புதிய உயர்மாடிக் கட்டடங்கள் பொதுவாக விதிப்படி கட்டப்பட்டவை. சந்துகளிலுள்ள பழைய இரண்டு மாடி வீட்டை வாடகைக்கு எடுப்பதற்கு முன்தான் யோசிக்க வேண்டும். பண்டுங்கில் வேலை என்றால், நகரத்தின் வடக்கே 29 கி.மீ. நீளமுள்ள லெம்பாங் பிளவு ஓடுவது தெரிந்திருக்கட்டும்.

நிலநடுக்கமே இல்லாத தீவு எது?

முழுதாக இல்லை என்று எதையும் சொல்ல முடியாது. மிகக் குறைவு போர்னியோ தீவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தானில். புதிய தலைநகராகக் கட்டப்படும் நுசாந்தராவை அங்கே அமைப்பதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று.

பாலிக்குக் குடும்பத்தோடு போகிறோம். பயணத்தை ரத்து செய்ய வேண்டுமா?

வேண்டாம். ஆனால் தெரிந்துகொண்டு போங்கள். பாலியிலும் 1917-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களும், 1976-ல் வடகரையில் சேரிரிட் பக்கம் ஐநூறுக்கும் மேற்பட்டவர்களும் நிலநடுக்கத்தில் இறந்திருக்கிறார்கள். தெற்கே கூட்டா, சனுர், தஞ்சோங் பெனோவா எல்லாம் தாழ்வான கரைகள்.

ஹோட்டலில் நுழைந்ததும் படிக்கட்டு எங்கே, சுனாமி வந்தால் எந்த மாடிக்குப் போகவேண்டும் என்று வரவேற்பில் கேளுங்கள். உறுதியான கட்டடத்தின் மேல்மாடி பல இடங்களில் மலையைவிடப் பக்கம். படுக்கைக்குப் பக்கத்தில் செருப்பும் டார்ச்சும் இருக்கட்டும். இரவில் குலுங்கினால் முதலில் காலைக் கிழிப்பது கண்ணாடித் துண்டுதான். பிள்ளைகளோடு பிரிந்துபோனால் எங்கே சேர்வது என்று ஓர் இடத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நடுங்கும்போது வெளியே ஓடலாமா, உள்ளேயே இருக்கலாமா?

கட்டடத்தைப் பொறுத்தது. மாடிக் கட்டடத்தில் இருந்தால் ஓடாதீர்கள். கண்ணாடியை விட்டு விலகி, உறுதியான மேசைக்கு அடியில் போய்த் தலையை மூடிக்கொண்டு அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் கூடவே கூடாது. ஆட்டம் நின்றதும் படி வழியாக இறங்குங்கள். பலவீனமான ஒற்றைத்தள வீட்டில், வாசலுக்கு ஓரிரு அடியில் இருந்தால் தலையை மூடிக்கொண்டு திறந்தவெளிக்கு வந்துவிடுவது மேல். சுவரை ஒட்டி மட்டும் நிற்க வேண்டாம்.

கரையோரத்தில் இருந்தால் ஆட்டம் நின்றதும் நடந்தே மேட்டுக்குப் போங்கள். 2012-ல் பண்டா ஆச்சேயில் எல்லோரும் பைக்கையும் காரையும் எடுத்துக்கொண்டு கிளம்ப, சாலைகள் அடைத்துக்கொண்டன. அன்று பெரிய அலை வராததால் தப்பித்தார்கள். முதல் அலை போனதும் திரும்பாதீர்கள், அடுத்தது பெரிதாக இருக்கலாம்.

ஒருமுறை வந்து போய்விட்டால் ஆபத்து முடிந்ததா?

இல்லை. லோம்போக்கில் 2018 ஜூலை 29 அன்று 6.4 வந்தது. எல்லோரும் இனிப் பின்னதிர்வுதான் என்று இருந்தபோது, ஒரு வாரம் கழித்து ஆகஸ்ட் 5 இரவு 6.9 வந்தது. அந்தத் தொடரில் ஐநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலோர் அந்த இரண்டாவதில். விரிசல்விட்ட வீட்டுக்குள் தூங்கப் போகாதீர்கள். ஒரு பொருளை எடுக்கக்கூட, பார்த்துச் சொல்லும் ஆள் வந்து பார்க்கும்வரை உள்ளே போக வேண்டாம்.

நம்பகமான தகவலை எங்கே பார்ப்பது?

இந்தோனேசியாவில் இருப்பவர்கள் போனில் இன்ஃபோ பிஎம்கேஜி செயலியை வைத்துக்கொள்ளலாம். அளவு, ஆழம், இடம், சுனாமி வாய்ப்பு எல்லாம் சில நிமிடங்களில் வந்துவிடும். இந்தியாவுக்கு ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 முதல் இயங்குகிறது. இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா மூன்றும் இந்தியப் பெருங்கடல் நாடுகள் அனைத்துக்கும் தகவல் தருகின்றன. சுமத்ராவில் நடுங்கியது என்று செய்தி வந்தால் இன்காய்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இந்தியாவுக்கு ஆபத்து இல்லை என்றாலும் அதையும் அங்கே எழுதியே போடுகிறார்கள்.